பைக்கில் சிபி ரேடியோ: எட்டும் தூரத்தைக் குறைக்கும் தவறுகள்

வண்டிக்கு வண்டி பேச உதவும் சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோவில், கூட வரும் வண்டி ஒரு வளைவு தாண்டியதுமே குரல் அறுந்துபோனால், பலரும் முதலில் செட்டைத்தான் குறை சொல்கிறார்கள். புது செட் வாங்குகிறார்கள், இல்லையென்றால் பவரைக் கூட்ட ஆம்ப்ளிஃபயர் தேடுகிறார்கள். பணம் வீணாவது இங்கேதான். அமெரிக்காவில் ஏஎம் முறையில் சிபி செட்டுக்கு அனுமதி 4 வாட். விலை கூடிய செட்டுக்கும் அதே 4 வாட்தான்; ஆம்ப்ளிஃபயர் பொருத்துவது அங்கே சட்டவிரோதம். கணக்கும் ஒத்துவராது. எதிரில் இருப்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரே ஒரு எஸ் புள்ளி (அந்த மீட்டரின் ஒரு படி) ஏற, பவர் நான்கு மடங்காக வேண்டும். அப்படிக் கூட்டினாலும் உங்கள் காதில் விழுவது அதிகமாகாது. கோளாறு பெரும்பாலும் ஆன்டெனாவிலும் அதன் அடியிலும்தான் இருக்கிறது.

சிபி அலைவரிசை 27 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் அலை ஆன்டெனா என்றால் ஏறக்குறைய 2.7 மீட்டர் உயரம் வேண்டும். பைக்கில் நிற்பது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லாத, உள்ளே சுருள் வைத்துக் குறுக்கிய கம்பி. அந்தக் கம்பி பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி அதன் கீழே இருக்கும் உலோகம். காருக்கு அகலமான கூரை கிடைக்கிறது. டூரிங் பைக்கில் பெட்டி, ஃபேரிங் எல்லாம் பிளாஸ்டிக். கிடைப்பது பிரேம் மட்டுமே. அதையும் சரியாக இணைக்காமல் விட்டால் பாதி ஆன்டெனாவோடுதான் ஊர் சுற்றுகிறோம்.

பெயின்ட் அடித்த பரப்பின் மேலேயே பிராக்கெட்டை முடுக்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பார்வைக்குக் கெட்டியாக இருக்கும், மின்தொடர்பு இருக்காது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பிராக்கெட்டிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய பூஜ்ஜியம் ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லையா? போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்குங்கள்; துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் பூசுங்கள். பெட்டி ரப்பர் புஷ்ஷின் மேல் உட்கார்ந்திருந்தால் பிராக்கெட்டிலிருந்து பிரேமுக்குத் தட்டையான செம்புப் பின்னல் பட்டை ஒன்று ஓடட்டும். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அப்படியே கோஆக்ஸின் (செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) நடுக்கம்பியும் வெளிப்பின்னலும் எங்கும் தொட்டுக்கொள்ளவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். சீட் கீலில் நசுங்கிய கேபிள் அங்கேதான் மாட்டும்.

அடுத்தது எஸ்டபிள்யூஆர். அனுப்பும் பவரில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் இது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. கொட்டகைக்குள் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, ஆளில்லாமல் அளந்த எண் சாலையில் பொய்த்துவிடும். திறந்த வெளியில் வண்டியை நிமிர்த்தி, பெட்டிகளை மூடி, ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். பின்சீட்டில் வழக்கமாக ஆள் வருவதானால் அவரும் ஏறி உட்காரட்டும். உடம்பு ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அளவு நன்றாகவே மாறும். சேனல் 1, 20, 40 மூன்றிலும் பாருங்கள். 1-இல் அதிகம், 40-இல் குறைவு என்றால் ஆன்டெனா குட்டை; திருப்பிக் காட்டினால் நீளம். மூன்றிலுமே மிக அதிகம் என்றால் கம்பியில் கை வைக்காதீர்கள், பிராக்கெட்டின் எர்த் இணைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

1.1 வந்தே தீர வேண்டும் என்று கம்பியை வெட்டிக்கொண்டே போவதும் வேண்டாம். 1.5-இல் திரும்பி வரும் பவர் 4 சதவீதம், 2-இல் 11 சதவீதம்; இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. 3-ஐத் தாண்டினால்தான் செட்டுக்கு ஆபத்து. குறைந்த எண் எப்போதும் நல்ல செய்தியும் அல்ல. தண்ணீர் இறங்கிய கேபிள் பவரைத் தானே தின்றுவிட்டு மீட்டரில் அழகான எண்ணைக் காட்டும்.

கீழே உலோகத் தளம் (கிரவுண்ட் பிளேன்) தேவையில்லை என்று விற்கப்படும் ஆன்டெனாவுக்கு அதோடு வரும் கேபிளும் ஒரு பகுதி. அதை வெட்டிக் குட்டையாக்கக் கூடாது. இரட்டை ஆன்டெனாவால் தூரம் அதிகமாகாது. அதற்குக் கால் அலை தூரமாவது இடைவெளி வேண்டும், பைக்கின் அகலம் போதாது.

அனுப்புவதைவிடக் கேட்பதில்தான் பலருக்கு ரேஞ்ச் தொலைகிறது. இன்ஜின் வேகத்தோடு ஏறும் டிக் டிக் ஸ்பார்க் பிளக்கின் வேலை. ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். ஊளை மாதிரி வந்தால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி சார்ஜர், எல்இடி விளக்கு இரண்டையும் தனித்தனியாக அணைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போதே, பேசும் பொத்தானைத் தொடாமல் ஆன்டெனா கேபிளை உருவிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது காற்றுவழி வருகிறது. நிற்காவிட்டால் பவர் லைன் வழி. அப்போது செட்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸோடு தனி ஒயர் இழுங்கள். இரைச்சல் தாங்காமல் ஸ்குவெல்ச்சை (மெல்லிய சிக்னலை அடக்கி இரைச்சலை மறைக்கும் குமிழ்) முழுக்கத் திருகி வைப்பவர்களுக்குத் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்கவே கேட்காது. இரைச்சல் நிற்கும் புள்ளியோடு நிறுத்திவிடுங்கள்.

மைக் உதட்டை ஒட்டியே இருக்கட்டும். தள்ளி இருந்தால் 4 வாட்டும் காற்றின் சத்தத்தைத்தான் சுமந்து போகும்.

சில நாட்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குரல்கள் வரும். வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயனமண்டலம் என்ற அடுக்கு திருப்பி அனுப்பும் அலை அது; உங்கள் ஆன்டெனா தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோதிக்க வேண்டுமானால் நண்பரின் வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஒரே சாலையில், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்.