ஒரே ஒரு பாலிமர் இழையை உரித்துப் பார்ப்பது எப்படி?

சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வேட்டி விரித்து ஜவ்வரிசி வடகம் ஊற்றுவார்கள். காய்ந்ததும் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சீராக உரிந்து வரும். நுண்ணிய முனையால் பரப்பைத் தொட்டு விசையை அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் செய்யப்போவதும் இதே உரிப்புதான். வடகத்துக்குப் பதில் மின்னூட்டமுள்ள ஒற்றை பாலிமர் இழை.

முதல் படி, பரப்பு. மைக்கா தகட்டில் செலோடேப் ஒட்டி ஒரு அடுக்கை உரித்துவிடுங்கள். புதிதாகத் தெரியும் பரப்பு தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதில் ஒட்ட, பாலிலைசின் போன்ற நேர்மின் இழை வேண்டும்.

இரண்டாவது, அந்த இழையைக் கான்டிலீவர் (விசைபட்டால் வளையும் மெல்லிய தகடு) முனையில் வேதிப்பிணைப்பால் கட்டுவது. கரைசல் நீர்க்க இருக்கட்டும்; கெட்டியாக இருந்தால் கொத்தாக ஒட்டும்.

மூன்றாவது, உப்புக் கரைசலுக்குள் முனையை இறக்கி, பரப்பில் ஒரு நொடி வைத்து, நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகத்தில் மேலே இழுங்கள். அதற்கு முன் அரை மணி நேரம் சும்மா விடுங்கள். தங்கம் பூசிய கான்டிலீவர் வெப்பம் மாறினாலே வளையும். சித்திரை வெயிலில் ஏசி நின்று நின்று ஓட, என் முதல் நாள் அளவீடு முழுக்கச் சாய்ந்து கிடந்தது. ஏற்காட்டில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது!

இனி, முனை மேலேறும் தூரத்துக்கு ஏற்ப விசையைக் காட்டும் வரைபடம். விசை ஒரே மட்டத்தில் ஓடிச் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் அது உரிதல். படிக்கட்டு போல இறங்கினால் பல இழைகள், ஒதுக்கிவிடுங்கள். மட்டம் 60 பிகோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 1 நானோமீட்டர் உரிக்க 60 பிகோநியூட்டன்-நானோமீட்டர் ஆற்றல். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அலகு (kT) 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர்; வகுத்தால் சுமார் 15 மடங்கு. இதுதான் ஒட்டும் வலிமை. இழுக்கும் வேகத்தை மாற்றியும் மட்டம் மாறக்கூடாது. மாறினால் இந்தக் கணக்கு செல்லாது.

மட்டமாக ஓடாமல் வளைந்து ஏறி அறுந்தால், இழை உரியவில்லை, நீள்கிறது. அதில்தான் விறைப்பு தெரியும். இழையை வளையும் கயிறாகக் கருதும் 'வார்ம்லைக் செயின்' சூத்திரத்தைப் பொருத்தினால் வளையா நீளம் (இழை எவ்வளவு தூரம் நேராக நிற்கும் என்ற அளவு) கிடைக்கும். இரண்டையும் குழப்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

அடுத்து உப்பைக் கூட்டுங்கள். உப்புச் செறிவு 1 மில்லிமோலாரில் மின்விசை எட்டும் தூரம் சுமார் 10 நானோமீட்டர். 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர்தான். மின்னூட்டத்தால் ஒட்டிய இழையானால் மட்டம் தாழும்.

கான்டிலீவரின் ஸ்பிரிங் மாறிலியை (அதன் வளைவை விசையாக மாற்றும் எண்) கடைசியில் அளவிடுங்கள். அதற்கு முனையைக் கெட்டியான பரப்பில் அழுத்த வேண்டியிருக்கும். முதலிலேயே அழுத்தினால் கட்டிய இழை நசுங்கும்.