மெமரி சிஸ்டம் ஆராய்ச்சிக்கு ஃபண்டிங் கேக்குறீங்களா? ப்ரொபோசல் விழுறது இங்க தான்

மெமரிக்குள்ளயே கணக்கு போடுற சிப், பல சர்வர் சேர்ந்து பங்கு போட்டுக்கிற சிஎக்ஸ்எல் மெமரி, பவர் போனாலும் டேட்டா அழியாத மெமரி, இந்த மாதிரி விஷயங்களுக்கு ஃபண்டிங் கேட்டு ப்ரொபோசல் எழுதுறவங்களுக்காக இதை எழுதுறேன். நான் எழுதினது ரிஜெக்ட் ஆகியிருக்கு, மத்தவங்க எழுதினதை ரிவ்யூவும் பண்ணியிருக்கேன். ஐடியா மோசமா இருந்து விழுறது கம்மி தாங்க. அந்த மெமரிக்குள்ள டேட்டா எப்படி வந்து சேரும், அதை ஓட்டுற சாஃப்ட்வேரை யாரு எழுதப்போறாங்க, இந்த ரெண்டையும் சொல்லாம விட்டு விழுறது தான் அதிகம்.

தப்பு முதல் பக்கத்துலயே ஆரம்பிச்சிடும். ப்ராசசர் வேகமா வளந்துச்சு, மெமரி பின்தங்கிடுச்சுன்னு ஒன்றரை பக்கம் எழுதுவாங்க. வுல்ஃபும் மெக்கீயும் மெமரி வால் (ப்ராசசர் வேகத்துக்கு மெமரி ஈடு குடுக்க முடியாம சுவரா நிக்கிறது) பத்தி எழுதினது 1995-ல, அதுக்கும் முன்னாடி 1977-லயே ஜான் பேக்கஸ் தன்னோட டூரிங் விருது உரையில ப்ராசசருக்கும் மெமரிக்கும் நடுவுல இருக்குற குறுகலான வழியை வான் நாய்மன் பாட்டில்நெக்னு சொல்லிட்டாரு, ரிவ்யூவருக்கு இதெல்லாம் மனப்பாடம். அப்புறம் அந்த 62.7 சதவீதம். 2018-ல வந்த ஒரு ஆய்வுல, மொத்த எனர்ஜில அவ்வளவு டேட்டாவை நகர்த்துறதுக்கே போகுதுன்னு அளந்திருந்தாங்க, நல்ல ஆய்வு தான், ஆனா அவங்க எடுத்துக்கிட்டது க்ரோம் ப்ரவுசர், மொபைல்ல ஓடுற டென்சர்ஃப்ளோ, வீடியோ இந்த மாதிரி வேலைங்க. உங்க ஜீனோம் ப்ரோக்ராமுக்கோ டேட்டாபேஸுக்கோ அது எப்படிங்க சாட்சி ஆகும்? உங்க ப்ரோக்ராமை நீங்களே அளந்து போடுங்க. அது 100 செகண்ட் ஓடி, அதுல 40 செகண்ட் மெமரிக்காக காத்துக் கிடக்குதுன்னா, மெமரியை எவ்வளவு தான் வேகமாக்கினாலும் மீதி 60 செகண்ட் அப்படியே நிக்கும், மொத்தத்துல 1.67 மடங்கைத் தாண்டவே முடியாது. இதை போட்டுப் பாக்காம 10 மடங்குன்னு எழுதினா ரிவ்யூவர் பேனாவை எடுத்து ஓரத்துலயே கணக்கு போட்டுருவாரு. காத்துக் கிடக்குறது பேண்ட்வித் (செகண்டுக்கு எவ்வளவு டேட்டா வரும்ங்கிறது) பத்தாமயா, இல்ல ஒரு அட்ரஸ் வந்தா தான் அடுத்த அட்ரஸே தெரியும்ங்கிறதால லேட்டன்சிலயான்னும் (கேட்டது வந்து சேர ஆகுற நேரம்) சொல்லணும், ஏன்னா ரெண்டுக்கும் மருந்து வேற வேற. சிஎக்ஸ்எல்ல மெமரி சேத்தா இடம் கூடும், ஆனா லேட்டன்சியும் கூடத்தான் செய்யும்.

என்னோட ஒரு ப்ரொபோசல் விழுந்த இடத்தை சொல்றேன். சிபியுல 1 செகண்ட் எடுக்குற வேலை மெமரிக்குள்ளயே ஓடினா 0.1 செகண்ட்ல முடியுதுன்னு பெருசா கிராஃப் போட்டிருந்தேன். ரிவ்யூவர் ஒரே ஒரு கேள்வி தான் கேட்டிருந்தாரு, டேட்டா அங்க எப்படி போச்சுன்னு. 8 ஜிபி டேட்டா, டிடிஆர்4-3200 மெமரி சேனல் (சிபியுவுக்கும் மெமரிக்கும் நடுவுல இருக்குற பாதை) ஒண்ணு, அதோட உச்சகட்ட வேகமே செகண்டுக்கு 25.6 ஜிபி தான், அப்போ உள்ள அனுப்பவே 0.3 செகண்ட், ரிசல்ட்டை திருப்பி எடுத்து ஒண்ணு சேக்க இன்னொரு 0.1. மொத்தம் 0.5 ஆச்சு, நான் சொன்ன 10 மடங்கு 2 மடங்கா இறங்கிடுச்சு. டேட்டா ஏற்கனவே அங்கயே இருக்கும், ஒரு தடவை ஏத்திட்டு ஆயிரம் தடவை தேடுவோம்னா அந்த 10 மடங்கு நியாயம் தான், ஆனா அதை நான் எழுதவே இல்ல. இதே குடும்பத்துல இன்னொரு தப்பு, சிபியுல இருக்குற பல கோர்ல ஒண்ணை மட்டும் ஓட விட்டு அதோட ஒப்பிடுறது. முழு சிபியு, முடிஞ்சா ஜிபியு, ரெண்டையும் நல்லா ட்யூன் பண்ணி வெச்சு ஒப்பிடுங்க, நம்பர் சின்னதா வந்தாலும் அதை நம்புவாங்க.

சாஃப்ட்வேர் விஷயம் தான் எனக்கு ரொம்ப வருத்தம். மூணு வருஷம் ஹார்ட்வேர் பிளான் போட்டுட்டு கடைசி ஆறு மாசத்துல "சாஃப்ட்வேர் ஸ்டாக் உருவாக்கப்படும்"னு ஒரு வரி. அந்த வரிக்குள்ள என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க, ஒரு டிம்ல (மெமரி சிப்புங்க உக்காந்திருக்குற கார்டு) 8 சிப் இருந்தா நீங்க எழுதுற 8 பைட் எண்ணு ஒரே சிப்ல போய் உக்காராது, ஒவ்வொரு பைட்டும் ஒவ்வொரு சிப்புக்கு பிரிஞ்சு போகும், அப்போ ஒரு சிப்புக்குள்ள இருக்குற குட்டி ப்ராசசருக்கு எந்த எண்ணும் முழுசா தெரியாது. அதனால தான் விலைக்கே வந்த, உள்ளயே குட்டி ப்ராசசர் இருக்குற யூபிமெம் கம்பெனி டிம்ல டேட்டாவை அனுப்புறதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் அதை திருப்பி அடுக்கித் தருது. அதுல ஒரு குட்டி ப்ராசசர் பாக்க முடியுறது தனக்குன்னு இருக்குற 64 எம்பியை மட்டும் தான், பக்கத்துல இருக்குறதோட நேரா பேச முடியாது, சிபியு வழியா சுத்திட்டு தான் போகணும். இதுக்கு மேல விர்ச்சுவல் மெமரி அட்ரஸை நிஜ அட்ரஸா மாத்துறது, கேஷ்ல இருக்குற நகலும் மெமரியும் ஒத்துப்போக வைக்கிறது (கேஷ் கோஹரன்ஸ்), தப்பு கண்டுபிடிக்க டிபக்கர். இதெல்லாம் முதல் மாசத்துல இருந்தே நடக்க வேண்டிய வேலைங்க, ஆபரேட்டிங் சிஸ்டம் தெரிஞ்ச ஒருத்தர் டீம்ல பேரோட, சம்பளத்தோட இருக்கணும்.

ஒரே ஒரு கம்பெனி ப்ராடக்ட் மேல முழு திட்டத்தையும் கட்டாதீங்க. 2022-ல இன்டெல் தன்னோட ஆப்டேன் (பவர் போனாலும் டேட்டா அழியாத மெமரி) தொழிலை மூடுறதா அறிவிச்சப்போ அதை நம்பி ஓடிட்டு இருந்த ஆராய்ச்சி எத்தனை. ஆனா அதுல வேலை பாத்தவங்களோட அல்காரிதம் எல்லாம் வீணாப் போகல, நடுவுல கரண்ட் போனா டேட்டாவை எப்படி சரியா வெச்சுக்கிறதுங்கிற அறிவு எந்த டிவைஸுக்கும் பொருந்தும். அந்த டிவைஸ் நாளைக்கு கிடைக்கலைன்னா உங்க திட்டத்துல என்ன மிஞ்சும்னு ஒரு பத்தி எழுதிருங்க.

பட்ஜெட்ல சிப் அடிச்சு வாங்குற செலவு கண்ணுக்கு தெரியும், அது வந்தப்புறம் போர்டு டிசைன், டெஸ்டிங், அது லேட்டாகுற மாசங்களுக்கு மாணவர்களோட சம்பளம், இதெல்லாம் விட்டுப்போகும். எஃப்பிஜிஏல (வேணும்ங்கிற சர்க்யூட்டா மாத்தி அமைச்சுக்கக் கூடிய ரெடிமேட் சிப்) காட்டினா போதும்னா சிப்பே கேக்காதீங்க. சிமுலேட்டர்ல மட்டும் பண்றதா இருந்தா ராமுலேட்டர், ஜெம்5 எதுவோ, அதை நிஜ மெஷினோட எப்படி ஒத்துப் பாப்பீங்கன்னு சொல்லணும்.

ப்ரொபோசல் கேட்டு வர்ற அறிவிப்பையும் (கால்) சரியா படிங்க. ஜெர்மனில ஆராய்ச்சிக்கு நிதி குடுக்குற டிஎஃப்ஜி நடத்துற டிஸ்ரப்டிவ் மெமரி டெக்னாலஜிஸ் மாதிரி ப்ரோக்ராம் சிஸ்டம் சாஃப்ட்வேர் ஆளுங்களையும் டேட்டாபேஸ் ஆளுங்களையும் சேத்து தான் பாக்குது, அமெரிக்கால சிப் கம்பெனிங்களோட ஆராய்ச்சி கூட்டமைப்பு எஸ்ஆர்சியும் ராணுவ ஆராய்ச்சி அமைப்பு டார்பாவும் சேர்ந்து நடத்துற ஜம்ப் 2.0-ல ப்ரிசம் சென்டர் ஸ்டோரேஜ், மெமரி, அது மேல ஓடுற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்குது. அங்க போய் வெறும் டிவைஸ் பிசிக்ஸ் எழுதினா எவ்வளவு நல்லா இருந்தாலும் பொருந்தாது. கம்பெனிங்க காசு போடுற இடமா இருந்தா கண்டுபிடிப்போட உரிமை யாருக்குங்கிற பக்கத்தை முன்னாடியே படிச்சிருங்க.

டெட்லைனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு டேட்டாபேஸ் ஆளுகிட்ட ப்ரொபோசலை குடுத்து படிக்க சொல்லுங்க. "இதை நான் யூஸ் பண்ணணும்னா என் கோட்ல எதை மாத்தணும்?"னு அவங்க கேப்பாங்க, அந்த பதிலை எழுதி உள்ள சேத்துட்டு அப்புறம் அனுப்புங்க.