ஹைட்ராலிக் ஆயில் டின்னில் 46, 68 என்று போட்டிருப்பது எதற்கு?

கடைக்குப் போய் "ஹைட்ராலிக் ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். டின்னில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 32, 46, 68 என ஓர் எண் இருக்கும். பலர் அதைத் தரத்துக்கான மார்க் என்று நினைக்கிறார்கள். இல்லை. 40 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. தேவைக்கு மேல் கெட்டியானதை ஊற்றினால், குளிர்ந்து கிடக்கும் மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது பம்ப் ஆயிலை இழுக்கத் திணறும். ரொம்ப இளகியதாக இருந்தால் சூட்டில் மேலும் இளகி, பம்புக்குள்ளேயே கசிந்து பிரஷர் குறையும்.

கூடவே எழுத்தையும் பாருங்கள். ஹெச்.எல். என்றால் துருவையும் ஆயில் கெடுவதையும் தடுக்கும் சேர்மானம் மட்டும். ஹெச்.எம். என்றால் தேய்மானத் தடுப்பும் சேரும். ஹெச்.வி. வகை, வெப்பம் ஏறி இறங்கினாலும் அதிகம் இளகாது, இறுகாது.

டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். பல டிராக்டர்களில் கியர், கலப்பையைத் தூக்கும் லிப்ட், ஆயிலில் மூழ்கிய பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். விலை குறைவு என்று சாதாரண ஹெச்.எம். 68-ஐ அதில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது சத்தத்தோடு அதிரும். அந்த வண்டிகளுக்கு யு.டி.டி.ஓ. என்ற தனி ரகம் உண்டு. எது வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து ரகத்தை முடிவு செய்ய முடியாது. ஆனால் பழைய ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேலேயே புதிது ஊற்றாமல், தண்ணீர் எங்கே புகுந்தது என்று பார்த்துச் சரிசெய்து, முழுவதும் வடித்துவிட்டு மாற்றுங்கள்.