தென்னங்குருத்தைத் தின்ற வண்டு

உச்சிப்புளியில் எங்கள் கொல்லையில் 4 தென்னைகள் நிற்கின்றன. போன மழைக்குப் பிறகு ஒன்றின் குருத்து வாடியது. உப்புக்காற்றும் மணல் தரையும்தான் காரணம் என்று நினைத்து, தண்ணீரைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருந்தேன். புது மட்டை விரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது: ஓலைகள் கத்தரியால் வெட்டினாற்போல் முக்கோணமாக, விசிறி மாதிரி. காண்டாமிருக வண்டின் வேலை.

மரமேறும் அண்ணன் ஏறிப் பார்த்து, "தம்பி, சக்கை ஈரமா இருக்கு, உள்ளதான் கிடக்கு" என்றார். மட்டை இடுக்கில் ஓட்டை, அதன் வாயில் வண்டு மென்று துப்பிய நார். கம்பிக் கொக்கியை விட்டு இழுத்தார். கட்டைவிரல் பருமனில், கறுப்பாக, தலையில் கொம்போடு வந்தது. தண்டில் பழுப்பு நீர் வடிகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். வடிந்தால் சிவப்புக் கூன்வண்டு. அது மரத்தையே சாய்த்துவிடும். நல்லவேளை, இல்லை.

வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், நடுவிலுள்ள 3 மட்டைகளின் அடியில் போட்டோம். அப்புறம் எருக்குழியைக் கிளறினால் வெள்ளைப் புழுக்கள், சுருண்டு சுருண்டு. வண்டு பிறக்கும் இடமே அதுதான். மரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. பொறுக்கி அழித்து, குழியைக் காலிசெய்தேன். இப்போது வந்திருக்கும் குருத்து வெட்டில்லாமல் விரிகிறது.