வளவில் ஒரு வியாழன்: வியாழன் கோளின் நிலாக்கள் பிறந்ததைச் செய்து காட்டுவது எப்படி?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், லீவுக்கு வந்த பேரனுக்காகச் செய்தது இது. அகலமான பித்தளை அண்டாவில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றுங்கள். அகப்பைக் காம்பால் நடுவில் மட்டும் வேகமாகச் சுற்றிவிட்டு, ஒரு பிடி உமி தூவுங்கள். தவிடு வேண்டாம், முதல் தடவை அதைப் போட்டுக் கூழாக்கிவிட்டேன்.

நடுவில் உமி வேகமாகவும் விளிம்பில் மெதுவாகவும் சுற்றும். இளம் வியாழனைச் சுற்றியும் இப்படித்தான் வாயுவும் தூசும் தட்டாகச் சுழன்றன. கொஞ்ச நேரத்தில் உமி திட்டுத்திட்டாகச் சேரும். இங்கே சேர்ப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. அங்கே மோதலும் ஒட்டலும், உருண்டை பெரிதான பிறகு ஈர்ப்பும். அந்த உருண்டைகள்தான் வியாழனின் நிலாக்கள்.

"அப்ப எல்லா நிலாவும் ஒண்ணு போலத்தானே இருக்கணும், அப்பத்தா?" என்றான். இல்லை. தட்டின் உள்பக்கம் சூடு, பனி தங்காது. அடுப்படியில் வெண்ணெய் நிற்குமா? அதனால்தான் உள்ளேயிருக்கும் அயோ என்ற நிலா பாறை, வெளியேயிருக்கும் கலிஸ்டோ என்ற நிலா ஏறக்குறைய பாதி பனி.

சரி, வியாழன் தெரிகிற மாதமானால் இருட்டியதும் மொட்டைமாடிக்குப் போங்கள். பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பாருங்கள். 1610இல் கலிலியோ கண்ட நான்கு நிலாக்களில் இரண்டோ மூன்றோ புள்ளிகளாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும்.