விமானக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள்

ஊருக்குப் போகும் நீண்ட பயணத்தில் முதியவர்கள் பலர் தண்ணீரைத் தொடுவதே இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டி வந்துவிடுமே என்ற பயம். என் அம்மாவும் பத்து மணி நேரத்தில் மூன்று மிடறுதான் குடித்தார். இறங்கும்போது உதடு வெடித்து, தலை சுற்றி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அதில் தண்ணீரும் குடிக்காமல், எழுந்தும் நடக்காமல் மணிக்கணக்கில் இருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது.

பிறகு மெல்லக் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. கதவு! முந்தைய பயணத்தில் கைப்பிடியைத் தேடிக் காணாமல், பின்னால் ஆட்கள் காத்து நிற்க, வெட்கப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறார். பல விமானங்களில் அது இரண்டாக மடியும் கதவு. நடுவில் கைவைத்துத் தள்ளினால் உள்பக்கமாக மடிந்து வழிவிடும். தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் உள்ளே வெளிச்சம் நன்றாக வரும், வெளியே கதவிலுள்ள பச்சை அடையாளம் சிவப்பாக மாறும். தாழ்ப்பாள் போட்டிருந்தாலும் பணியாளர்களால் வெளியிலிருந்து திறக்க முடியும் என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் தடவை நீங்களே கூடப் போய்க் காட்டிக் கொடுங்கள்.

அடுத்த பயம், பொத்தானை அழுத்தியதும் கழிவை இழுக்கும் அந்தச் சத்தம். கழிவை இழுப்பது தண்ணீர் அல்ல, காற்று. உயரத்தில் வெளியே அழுத்தம் குறைவு, உள்ளே அதிகம். வால்வு திறந்ததும் அந்த வேறுபாடே எல்லாவற்றையும் தொட்டிக்கு உறிஞ்சிவிடுகிறது. மூடியைச் சாத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் குழந்தைகள் மிரள மாட்டார்கள். தொட்டியைத் தரையிறங்கிய பின் வண்டி கொண்டுவந்துதான் காலி செய்வார்கள்.

குழாய் குறுகலானது. டயப்பர், துணி, ஈரத்தாள் எதையும் அதில் போடாதீர்கள். குப்பைப் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. 2025 மார்ச்சில் சிக்காகோவிலிருந்து டெல்லிக்குப் புறப்பட்ட விமானம் ஒன்றில் 12 கழிப்பறைகளில் 8 அடைத்துப்போய், நடுவழியில் திரும்ப வேண்டியதாயிற்று. குழாய்களில் பொலித்தீன் பைகளும் துணிகளும் கிடந்தன.

தண்ணீர்விட்டுக் கழுவிப் பழகியவர்கள் சிறிய வெற்றுப் போத்தல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் வெற்றுப் போத்தலுக்குத் தடை இல்லை. உள்ளே கைகழுவும் குழாயில் நிரப்பலாம். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குடிநீரைப் பணியாளரிடம் கேட்டு வாங்குங்கள். தரை ஈரமாக இருக்கும், காலுறையோடு போகாதீர்கள்.

பெரியவர்களுக்கு நடைபாதையோர இருக்கையை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படுபவர் என்றால் விமானத்துக்குள் பயன்படுத்தும் ஒடுக்கமான நாற்காலியையும் அப்போதே பதிந்துவையுங்கள். சிறுநீர் மாத்திரை எடுப்பவர்கள் பயண நாளில் தாமாக நிறுத்திவிட வேண்டாம். எந்த நேரம் எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்பே போய்வருவது நல்லது. தட்டுகளை எடுத்த பிறகு வரிசை நீண்டுவிடும். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு பெரியவர்களை எழுப்பி ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். ஆசனப்பட்டி விளக்கு எரிந்துவிட்டால் எழ விடமாட்டார்கள். இறங்கிய பிறகு குடிவரவு வரிசையும் இருக்கிறது.