ஸ்டீராய்டு கோர்ஸ் போடற பசங்களுக்கு கிட்னில கல்லு எதனால வருது, காரணத்த கண்டுபிடிக்கறது எப்படி

பாலக்காட்டு ஜில்லாவுல கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் ஜிம்முக்கு போற தம்பிகளுக்காக எழுதறேன், பொள்ளாச்சி பக்கத்து பசங்களுக்கும் இதேதான். எங்க ஜிம்ல என்னையும் சேத்து 3 பேருக்கு கல்லு வந்துடுச்சு, மூணு பேருமே ஸ்டீராய்டு கோர்ஸ், அதாவது சதை ஏறணும்னு ஹார்மோன் ஊசி மாத்திரைய தொடர்ந்து போட்டவங்க. ஊர்ல ஊசி போட்டான் கல்லு வந்துச்சுங்கறாங்க, வீட்ல அம்மா அந்த புரோட்டீன் பவுடர தூக்கி வீசுடாங்கறாங்க. ரெண்டுலயும் பாதிதான் உண்மை. ஸ்டீராய்டு நேரா போய் கல்லா கட்டறது கம்மி, கோர்ஸ் கூட ஒட்டிட்டு வர்ற பழக்கங்கதான் பெரும்பாலும் கல்ல கொண்டு வருது. ஸ்டீராய்டு கிட்னிய கெடுக்கற வழியே வேற, அது வலிக்காம கெடுக்கும். இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்கலைன்னா ஒரு கல்ல எடுத்துட்டு அடுத்த கல்லுக்கு காத்துட்டு இருக்க வேண்டியதுதான்.

பதநீர் காய்ச்சறத பாத்திருப்பீங்க. தண்ணி வத்த வத்த கெட்டியாகி கடைசில கருப்பட்டியா எறங்கும். கிட்னில கல்லும் அப்படித்தான், மூத்திரத்துல கால்சியம், ஆக்சலேட், யூரிக் ஆசிட் எல்லாம் எப்பவும் கரைஞ்சுதான் இருக்கு, தண்ணி கம்மியாகி இந்த சரக்கு ஜாஸ்தியானா படிஞ்சுடும். 100 கல்லுல 70, 80 கல்லு கால்சியம் ஆக்சலேட்டுதான், யூரிக் ஆசிட் கல்லு ஒரு 10 இருக்கும். நம்ம மூத்திரத்துல படிய விடாம பிடிச்சு வைக்கற ஒண்ணும் இருக்கு, அதுக்கு பேரு சிட்ரேட். சரக்க ஏத்தறது எது, தண்ணிய கொறைக்கறது எது, சிட்ரேட்ட எறக்கறது எது, இந்த மூணு கேள்விதான் நீங்க கேட்டுட்டே போகணும்.

முதல்ல தண்ணிய பாருங்க. கெழக்க எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மழை மறைவு, மார்ச் ஏப்ரல்ல பாலக்காட்டு வெய்யில் 40 டிகிரிய தாண்டும், அதுல ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஜிம்ல 2 மணி நேரம் வேர்வை ஊத்தறோம். நான் நாளைக்கு 4 லிட்டர் குடிக்கறேன் ப்ரோம்பாங்க, குடிக்கற கணக்கு வேண்டாம், வெளிய போற கணக்குதான் வேணும். ஒரு ஞாயித்துக்கிழம காலைல எந்திரிச்சு முத தடவ போறத விட்டுடுங்க, அதுக்கப்புறம் மறுநா காலைல வரைக்கும் எல்லாத்தையும் ஒரு பழைய 5 லிட்டர் எண்ணெய் கேன்ல பிடிச்சு பாருங்க. 2.5 லிட்டர் வரணும். எனக்கு முத தடவ அளந்தப்ப 1 லிட்டர் கூட வரல, நெசமா நானே நம்பல, அவ்வளவு வேர்வைல போயிருக்கு. போர் தண்ணி உப்பா இருக்கு அதனாலதான் கல்லுன்னு நம்மூர்ல எல்லாரும் சொல்றாங்க, அந்த தண்ணில இருக்கற கால்சியத்த விட, உப்பா இருக்குன்னு குடிக்காம விடறோம் பாருங்க, அதுதான் பெரிய கெடுதல்.

அடுத்து ஒரு பேப்பர் எடுத்து, கடைசி 6 மாசத்துல உள்ள போன எல்லாத்தையும் எழுதுங்க, ஊசி மாத்திரை பவுடர் எல்லாம், பாட்டில் இருந்தா லேபிள போட்டோ எடுத்து வைங்க. இது ரொம்ப முக்கியம்ங்க, ஏன்னா என் கல்லுக்கு காரணம் இந்த லிஸ்ட்லதான் மாட்டுச்சு. நான் கோர்ஸ்ல இருந்தப்ப எனக்கு சொல்லி குடுத்தவர் விட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்ட தெனமும் ஒண்ணு போடுன்னாரு, எலும்பு ஸ்ட்ராங் ஆகும் டெஸ்டோஸ்டிரோன் ஏறும்னு. அத டாக்டருங்க வாரத்துக்கு ஒண்ணுதான் எழுதுவாங்க, அதுவும் கொஞ்ச வாரத்துக்குதான். நான் மாசக்கணக்கா தெனமும் போட்டேன். விட்டமின் டி அளவு மீறுனா குடல் கால்சியத்த கன்னாபின்னான்னு உறிஞ்சும், ரத்தத்துல கால்சியம் ஏறி மூத்திரத்துல எறங்கும். அதோட மோசம் மாட்டுக்கு போடற ஏ டி ஈ ஊசி, விட்டமின் ஏ, டி, ஈ மூணும் கலந்தது. பிரேசில்ல பாடிபில்டருங்க கை வீங்கி தெரியணும்னு இத கையிலயே போட்டு, கால்சியம் எகிறி கிட்னிக்குள்ள சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு கிட்னி ஃபெயிலியர் வரைக்கும் போனத டாக்டருங்க பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. நம்மூரு மாட்டு மருந்துக்கடைக்கு பஞ்சமில்லாத ஊரு, யாராவது நீட்டுனா கைய இழுத்துக்கங்க தம்பி.

அதே லிஸ்ட்ல விட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரை இருக்கான்னு பாருங்க. உடம்பு தேவைக்கு மேல போனதுல ஒரு பகுதிய ஆக்சலேட்டா மாத்தி வெளிய தள்ளும். 2013ல ஸ்வீடன்ல வந்த ஆய்வுல விட்டமின் சி மாத்திரை போட்ட ஆம்பளைங்களுக்கு கல்லு வர்றது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இருந்துச்சு. நெல்லிக்கா கொய்யா சாப்பிட்டு பயப்பட வேண்டாம், மாத்திரைதான் பிரச்சனை. குரோத் ஹார்மோன் போடறவங்களுக்கும் மூத்திரத்துல கால்சியம் ஏறும், அந்த ஹார்மோன் இயல்பாவே ஜாஸ்தியா சுரக்கற நோயாளிங்க கிட்ட டாக்டருங்க இத பாத்துட்டு வர்றாங்க. ஜிம்ல சாப்பிடற கிரியேட்டின் பவுடர் கல்ல உருவாக்கும்னு நல்ல ஆதாரம் எதுவும் கெடையாது, ஆனா கிட்னி எப்படி இருக்குன்னு பாக்கற டெஸ்ட்ல கிரியேட்டினின் அளவ கொஞ்சம் ஏத்தி காட்டும், டெஸ்ட் எடுக்கறப்ப சாப்பிடறத சொல்லிடுங்க.

கட்டிங் வாரம்தான் எனக்கு ரொம்ப பயம். மேடை ஏறறதுக்கு முன்னாடி தோலுக்கு அடில தண்ணி தெரியக்கூடாதுன்னு தண்ணிய நிறுத்தி, மூத்திரத்த ஜாஸ்தியாக்கற லாசிக்ஸ் மாத்திரை போடறானுங்க. அந்த மாத்திரை தண்ணிய மட்டும் எடுக்காது, கால்சியத்தையும் மூத்திரத்துல இழுத்துட்டு வரும், ஒரு பக்கம் சரக்கு ஜாஸ்தி, இன்னொரு பக்கம் உடம்புல தண்ணியே இல்ல, கல்லு கட்ட இதுக்கு மேல என்ன வேணும். கல்லு கூட பரவால்ல, பொட்டாசியம் தாறுமாறாகி இதயமே நின்னுடலாம். 1992ல முகமது பெனசிசாங்கற உலக அளவு பாடிபில்டர் நெதர்லாந்துல போட்டி முடிஞ்ச ராத்திரியே போயிட்டாரு, உடம்புல தண்ணிய வத்த வெச்சதுதான் காரணம்னு இன்னிக்கும் பேசறாங்க. டிஸ்ட்ரிக்ட் லெவல் மெடலுக்கு இத பண்ணாதீங்க.

சாப்பாட்டுல, கறி கோழி மீன் முட்டைன்னு அசைவ புரோட்டீன் அளவுக்கு மீறி போச்சுன்னா மூணு வேல நடக்கும், மூத்திரத்துல கால்சியம் ஏறும், யூரிக் ஆசிட் ஏறும், சிட்ரேட் எறங்கும். மூத்திரம் புளிப்பாகும், அதாவது அமிலம் கூடும், அப்ப யூரிக் ஆசிட் கல்லு சுலபமா கட்டும். அரிசிய அடியோட நிறுத்தி கீட்டோ போறவங்களுக்கும் இதே கததான். கோர்ஸ்ல பசி எடுக்கும், ஒரு நாளைக்கு ஒரு கிலோ கோழி தின்னுட்டு புரோட்டீன் பவுடரும் 3 ஸ்கூப் போடறவன எனக்கு தெரியும். உப்பும் அதே மாதிரி, உப்பு கூட கூட கால்சியம் மூத்திரத்துல கூடும், நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும், ஊறுகா கருவாடு எல்லாம் கணக்குல சேத்துக்கங்க.

ஆக்சலேட் யாரும் யோசிக்காத எடத்துல இருக்கும். ஜிம் டயட்னு எழுதி குடுக்கறாங்களே சர்க்கரவள்ளிக்கெழங்கு, பாதாம், பீநட் பட்டர், பாலக்கீரை ஸ்மூத்தி, பீட்ரூட் ஜூஸ், அத்தனையும் ஆக்சலேட் நெறஞ்சது, அதுவும் கீரைய பச்சையா அரைச்சு தெனமும் குடிச்சா ரொம்ப ஜாஸ்தி. விட சொல்லல, கீரைய வேக வெச்சு தண்ணிய கொட்டிடுங்க, கெழங்கு தின்னா கூடவே ஒரு கப் தயிர் சாப்பிடுங்க, தயிர்ல இருக்கற கால்சியம் குடல்லயே ஆக்சலேட்ட பிடிச்சு மலத்தோட வெளிய தள்ளிடும். கல்லு கால்சியம்தானேன்னு பாலையும் தயிரையும் நிறுத்தறவங்க தப்பு பண்றாங்க, நிறுத்துனா ஆக்சலேட் ஜாஸ்தியா உள்ள ஏறி கல்லு கூடத்தான் செய்யும்.

சரி, ஸ்டீராய்டு என்ன பண்ணுது. பிரஷர ஏத்தும், ரத்தத்த கெட்டியாக்கும், கிட்னில ரத்தத்த வடிகட்டற சல்லடைலயே தழும்பு விழ வைக்கும். 2010ல அமெரிக்காவுல பல வருசம் ஸ்டீராய்டு போட்ட 10 பாடிபில்டருங்களோட கிட்னில சின்ன துண்டு எடுத்து பயாப்சி பண்ணி பாத்தத வெளியிட்டாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு இந்த தழும்புதான், மூத்திரத்துல புரோட்டீன் ஒழுகிட்டு இருந்துச்சு. இதுக்கு வலி இருக்காது, மூத்திரத்துல நுரை நுரையா நிக்கும், காலு லேசா வீங்கும், அவ்வளவுதான். அதனால கல்லுக்கு ஸ்கேன் எடுக்க போனா அதோட மூத்திரத்துல புரோட்டீனும், பிரஷரும் பாத்துட்டே வாங்க. நமக்கு சதை ஜாஸ்தி, அதனால கிரியேட்டினின் 1.4, 1.5 வந்தா சதையாலயா கிட்னியாலயான்னு சொல்ல முடியாது, டாக்டர் கிட்ட சிஸ்டேட்டின் சிங்கற ரத்த டெஸ்ட் எழுத சொல்லி கேளுங்க, அதுவும் கிட்னிய பாக்கறதுதான், அது சதைய வெச்சு பெருசா மாறாது.

டாக்டர் கிட்ட உண்மைய சொல்லுங்க, இத நான் கையெடுத்து கும்பிட்டு கேக்கறேன். எனக்கு முத கல்லு வந்தது ராத்திரி 2 மணிக்கு, எடது விலால ஆரம்பிச்சு தொடை இடுக்கு வரைக்கும் இழுத்துச்சு, உக்காந்தாலும் படுத்தாலும் வலி விடல, கூட இருந்த பையன் வலி ஊசி போட்டு விட்டான். அடுத்த நா பாலக்காட்டுல டாக்டர் மலையாளத்துல வெள்ளம் குடிக்காறுண்டோன்னு, தண்ணி குடிக்கறதுண்டான்னு கேட்டாரு, வேற மருந்து ஏதாவதுன்னாரு, அப்பா பக்கத்துல நின்னதுனால இல்லைன்னுட்டேன். 5 எம்எம் கல்லு, தானா போயிடுச்சு, ஒரு வருசத்துல ரெண்டாவது வந்துச்சு. அப்பதான் அப்பாவ வெளிய நிக்க சொல்லிட்டு லிஸ்ட்ட நீட்டுனேன். அவரு திட்டவே இல்ல. ரத்தத்துல கால்சியமும் விட்டமின் டி அளவும் பாத்தாங்க, ரெண்டும் மேல இருந்துச்சு. அந்த பாக்கெட்ட அன்னிக்கே நிறுத்துனேன்.

எந்த டெஸ்ட்னா, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல சின்ன கல்லு தப்பிக்கலாம், சிடி ஸ்கேன் பெரும்பாலும் தப்ப விடாது. யூரிக் ஆசிட் கல்லு சாதா எக்ஸ்ரேல தெரியாது, எக்ஸ்ரே கிளியர்னு நிம்மதி ஆகாதீங்க. ரத்தத்துல கால்சியம், யூரிக் ஆசிட், கால்சியம் ஏறியிருந்தா அத கட்டுப்படுத்தற பாராதைராய்டு ஹார்மோன், அப்புறம் 24 மணி நேர மூத்திர டெஸ்ட். வலி இருக்கற நாள்ல டீ வடிகட்டி வெச்சு மூத்திரம் போங்க, கல்லு விழுந்தா கழுவி காய வெச்சு சின்ன டப்பால போட்டு குடுத்துடுங்க, கல்லு எதால ஆனதுன்னு லேப்ல சொல்லிடுவாங்க. யூரிக் ஆசிட் கல்லுன்னா மூத்திரத்தோட புளிப்ப கொறைக்கற மருந்துலயே கரையும், கால்சியம் கல்லு அப்படி கரையாது, அதனால கல்ல தூக்கி போடாதீங்க.

காய்ச்சல் குளிரோட வலி வந்தாலோ, மூத்திரம் நின்னுட்டாலோ, வாந்தி நிக்காம போனாலோ, ஒரே கிட்னி இருக்கறவங்களுக்கு வலி வந்தாலோ, உடனே எமர்ஜென்சிக்கு போயிடுங்க, அடைப்புல சீழ் பிடிச்சா சில மணி நேரத்துல உயிருக்கு ஆபத்து. உடம்பு காஞ்சு கெடக்கும்போது ஜிம் பையன் கைல டைக்ளோபெனாக் வலி ஊசி போட்டுக்காதீங்க, அது கிட்னிக்கு போற ரத்தத்தயே கொறைக்கும்.

வாழத்தண்டு ஜூஸ் கேப்பீங்க, குடிங்க, கெடுதல் இல்ல, ஆனா 10 எம்எம் கல்லு அதுல போகும்னு காத்துட்டு இருக்காதீங்க. எலுமிச்சம்பழம் நல்லது, சிட்ரேட் ஏறும், உப்பு போடாம குடிங்க. பொள்ளாச்சி எளநீரும் சிட்ரேட்ட ஏத்தும், ஆனா கிட்னி ஏற்கனவே கெட்டிருந்தா எளநீர் வேண்டாம், பொட்டாசியம் வெளிய போகாம தங்கிடும், டெஸ்ட் பாத்துட்டு குடிங்க.

கோர்ஸ விடணும்னு முடிவு பண்ணா டாக்டர் கிட்ட சொல்லி விடுங்க, உடம்பு சொந்தமா டெஸ்டோஸ்டிரோன் சுரக்க பல வாரம், சிலருக்கு பல மாசம் ஆகும், அந்த நேரத்துல மனசு ரொம்ப எறங்கும், எனக்கும் எறங்குச்சு, அப்ப பயந்துதான் நெறைய பேரு மறுபடி ஊசிக்கு போறாங்க. ஹார்மோன் டாக்டர் கோயம்புத்தூர்லயும் இருக்காங்க, பாலக்காட்டுலயும் இருக்காங்க. சாப்பாடு தண்ணி மாத்துன பின்னாடி ஒரு 2 மாசம் கழிச்சு மறுபடி அந்த எண்ணெய் கேன எடுத்து அளங்க, 2.5 லிட்டர் வந்தா 24 மணி நேர டெஸ்ட்ட மறுபடி குடுத்துட்டு, பழைய ரிப்போர்ட்டையும் புதுசையும் ஒண்ணா எடுத்துட்டு போய் காட்டுங்க.